மூன்று வருடம் கழித்துத் திறந்தால் ஓடுமா? பிஎச்பி, பைதான், நோட், கோ: ஓர் ஒப்பீடு

எந்த மொழியில் சீக்கிரம் எழுதி முடிக்கலாம் என்று கேட்டால் ஆளாளுக்குத் தங்கள் மொழியைத்தான் கைகாட்டுவார்கள். அதில் பெரிய பொய்யும் இல்லை. ஒரு லாகின் பக்கம், நாலைந்து ஃபார்ம், இரண்டு ரிப்போர்ட் என்று இருக்கிற சாதாரண வெப் அப்ளிகேஷனைக் கை பழகியவர் எந்த மொழியிலும் சட்டென்று எழுப்பிவிடுவார். அதனால் தொடக்க வேகத்தை வைத்து மொழிகளை எடைபோடுவதை விட்டுவிட்டேன். இப்போது நான் பார்ப்பது இதைத்தான்: யாரும் தொடாமல் மூன்று வருடம் கிடந்த ப்ராஜெக்டைத் திறந்து, ஒரு சின்னத் திருத்தம் செய்து, மறுபடி சர்வரில் ஏற்ற எவ்வளவு பாடுபட வேண்டும்? சம்பளத்துக்கு நிரல் எழுதுகிறவர்களின் நேரம் பெரும்பாலும் இங்கேதான் போகிறது.

அந்தக் கண்ணோடு பிஎச்பி, பைதான், நோட் (ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் கருவி; ஜாவாஸ்கிரிப்டின் மேல் கட்டிய டைப்ஸ்கிரிப்டையும் சேர்த்து), கோ ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ரஸ்ட் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஃபார்மில் வந்ததை டேட்டாபேஸில் போடுகிற வேலைக்கு அதை இழுப்பது அநாவசியம். ஜாவாவுக்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பழையதைத் திறக்கும்போது

இதில் கோ முதலிடம்; அடுத்து வருவதற்கும் அதற்கும் நல்ல இடைவெளி உண்டு. 2012 மார்ச்சில் 1.0 வந்தபோதே, இன்று எழுதுவது இனி வரும் 1 வரிசைப் பதிப்புகளிலும் கம்பைல் ஆகும் என்று வாக்குக் கொடுத்தார்கள். 2022-இல் ஜெனரிக்ஸ் (ஒரே ஃபங்ஷனைப் பல வகை டேட்டாவுக்கும் எழுதும் வசதி) மாதிரிப் பெரிய சங்கதி உள்ளே வந்தபோதும் பழைய நிரல்கள் அப்படியே ஓடின. 2024-இல் வந்த 1.22 பதிப்பில் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஃபார் லூப்பின் வேரியபிள் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகப் பிறக்கும் என்று மொழியின் பொருளையே மாற்றினார்கள். ஆனால் ப்ராஜெக்டின் கோ.மாட் ஃபைலில் 1.22 அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருந்தால்தான் அது அமலாகும். பழைய எண் இருந்தால் பழைய நடத்தையே தொடரும். திருத்தவும் செய்தார்கள், என்னை மாதிரிச் சோம்பேறிகளைத் தொந்தரவும் செய்யவில்லை.

நோட் இதற்கு நேர் எதிர். ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழி மேல் குற்றமில்லை. 1995-இல் பத்தே நாளில் பிரெண்டன் ஐக் அதை எழுதியபோது புகுந்த கோணல்கள்கூட, இணையப் பக்கங்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக இன்றுவரை காப்பாற்றப்படுகின்றன. நல் (ஒன்றுமில்லை என்ற மதிப்பு) என்பதன் டைப்பை, அதாவது வகையைக் கேட்டால் இன்றும் ‘ஆப்ஜெக்ட்’ என்றுதான் பதில் வரும். சிக்கலெல்லாம் மொழியைச் சுற்றிக் கட்டிய கூடாரத்தில். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரிப் பேக்கேஜை எழுதியவர் அதை என்பிஎம் என்ற பொதுப் பேக்கேஜ் கிடங்கிலிருந்து எடுத்துவிட, உலகம் முழுக்க பில்டுகள் சாய்ந்தன. அதற்குப் பிறகு நினைத்தபோது நீக்க முடியாதபடி விதியை இறுக்கினார்கள். அந்த ஓட்டை அடைபட்டது.

அடைபடாத ஓட்டை வேறு வகை. 2021 அக்டோபரில் வந்த நோட் 17, உள்ளே இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியை 3-ஆம் பதிப்புக்கு மாற்றியது. முன்பக்க ஃபைல்களைக் கட்டித் தரும் வெப்பேக் 4 என்ற கருவி தன் ஃபைல்களுக்கு ஹேஷ் (அடையாளக் கையொப்பம்) போட எம்டி4 என்ற பழைய முறையை வைத்திருந்தது. புதிய ஓப்பன்எஸ்எஸ்எல் அதை இயல்பாகவே மறுத்துவிடும். விளைவு, ஒரு பட்டன் நிறத்தை மாற்ற உட்கார்ந்தவருக்கு ‘டிஜிட்டல் என்வலப் ரூட்டீன்ஸ் அன்சப்போர்ட்டட்’ என்று முகத்தில் அடித்தாற்போல ஒரு எர்ரர். கிரிப்டோகிராஃபிக்கும் பட்டனுக்கும் என்ன சம்பந்தம் என்று தேடப் போனால், ‘லெகஸி ப்ரொவைடரை ஆன் செய்’ என்று ஒரு ஒட்டுவைத்தியம் கிடைக்கும். அதைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்டுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஒரு ஃபைலை இன்னொன்றுக்குள் எடுக்க ரிக்வயரா, இம்போர்ட்டா என்ற மாட்யூல் பஞ்சாயத்தைப் பற்றிப் பேசவே எனக்குச் சலிப்பாக இருக்கிறது.

பைதான் நடுவில் நிற்கிறது. 2008 டிசம்பரில் 3.0 வந்தும், 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் முடிந்தது. பதினோரு வருட இழுபறி. அந்தச் சூடு பட்டதாலோ என்னவோ, இப்போது நிதானமாக இருக்கிறார்கள். இருந்தாலும் 3.12-இல் டிஸ்ட்யூட்டில்ஸும் 3.13-இல் சிஜிஐ மாட்யூலும் கூடவே வரும் லைப்ரரியிலிருந்து போய்விட்டன. பழைய ப்ராஜெக்ட் ஏதாவது அவற்றைத் தொட்டிருந்தால் வேலை வைக்கும். பைதானில் என் தீராத குறை பேக்கேஜ் கருவிகள்தான். பிப், பிப்என்வ், பொயட்ரி, கொண்டா, இப்போது யுவி. யுவி நிஜமாகவே வேகமானது, நான் அதற்கு மாறிவிட்டேன். ஆனால் கைக்கு வரும் பழைய ப்ராஜெக்டில் பதிப்பு எண்ணே இல்லாமல் பேக்கேஜ் பெயர்களை மட்டும் அடுக்கிய ஒரு ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைல்தான் இருக்கும். அதில் சி-யில் எழுதிய பேக்கேஜ் ஒன்று இருந்து, உங்கள் பைதானுக்கு ரெடிமேட் வீல் (முன்பே கம்பைல் செய்த பேக்கேஜ்) இல்லையென்றால், அன்றைய பொழுது கம்பைலரோடு கழியும்.

பிஎச்பியை இந்த இடத்தில் திட்டுவார்கள் என்று எதிர்பார்ப்பீர்கள். 5-லிருந்து 7-க்கு வந்தபோது பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களைத் தூக்கியது வலித்ததுதான். 8-இல் பூஜ்யத்தையும் எழுத்துச் சரத்தையும் ஒப்பிடும் விதி மாறியது: பூஜ்யமும் ‘ஏபிசி’யும் சமம் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது இல்லை என்கிறது. அது திருந்தியதற்கு நான் கோபப்பட மாட்டேன். பேக்கேஜ் கருவியான கம்போசரின் லாக் ஃபைல் (எந்தெந்தப் பதிப்பு என்ற பதிவு) இருந்தால் பேக்கேஜ்கள் அப்படியே திரும்பி வருகின்றன. லாராவெல் என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். வருடத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வரும். பாதுகாப்புத் திருத்தம் ஒவ்வொன்றுக்கும் இரண்டே வருடம். மூன்று வருடம் சும்மா விட்டால் அது ஏற்கெனவே காலாவதி. பைதான் ஃப்ரேம்வொர்க்கான டிஜாங்கோவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புகள் மூன்று வருடம் தாங்கும். தொட ஆளில்லாத ப்ராஜெக்டுக்கு அந்த ஒரு வருடம் பெரிய விஷயம்.

தப்பு எப்போது தெரியும்

டைப் எழுதுவது இப்போது நான்கிலும் உண்டு. ஆனால் எழுதியதை யார், எப்போது சரிபார்க்கிறார்கள் என்பதில் நான்கும் நான்கு ரகம்.

கோவில் கம்பைலர் பார்க்கும். பயன்படுத்தாத வேரியபிள் ஒன்று கிடந்தால்கூட மேலே நகராது. டைப்ஸ்கிரிப்டிலும் கம்பைல் செய்யும்போது பார்க்கும், பிறகு டைப்புகளை அத்தனையும் அழித்துவிட்டு வெறும் ஜாவாஸ்கிரிப்டாகத்தான் ஓடும். வெளியிலிருந்து வரும் ஜேசனில் (டேட்டாவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் அதைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. ஸோட் மாதிரி ஒரு சோதனை லைப்ரரியை வைத்து நீங்களேதான் வாசலில் சோதிக்க வேண்டும். பைதானில் 3.5-லிருந்து டைப் ஹின்ட் இருக்கிறது. மைபை மாதிரித் தனிக் கருவியை ஓட்டினால்தான் உண்டு, ஓடும்போது பைதான் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பிஎச்பிதான் ஆச்சரியம். ஃபங்ஷனுக்குள் முழு எண் வர வேண்டும் என்று எழுதி ‘ஏபிசி’யை அனுப்பினால், ஓடும்போதே டைப்எர்ரர் வீசும். சினிமா வில்லன் மாதிரிச் சித்தரிக்கப்படும் மொழி, இந்த ஒரு விஷயத்தில் மற்ற இரண்டு ஸ்கிரிப்ட் மொழிகளைவிட ஒழுங்கு.

ஜாவாஸ்கிரிப்டில் எண்களால் வரும் ஒரு தொல்லையைச் சொல்லியாக வேண்டும். அதன் சாதாரண எண் எல்லாமே 64 பிட் ஃப்ளோட் (தசம எண்களுக்கான வடிவம்). முழு எண்ணாக அது பத்திரமாகத் தாங்குவது 9007199254740991 வரைதான். கோவில் எழுதிய சர்வர் 9007199254740993 என்று ஒரு ஐடியை ஜேசனில் அனுப்பினால் ப்ரௌசரில் அது 992 என்று முடியும். எர்ரர் வராது, எச்சரிக்கை வராது, வேறொருவருடைய ரெக்கார்டு திறக்கும். ட்விட்டர் தன் ஏபிஐயில் ஐடியை எழுத்துச் சரமாகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது இதற்காகத்தான். ப்ரௌசர் பக்கம் போகிற பெரிய ஐடிகளை ஆரம்பத்திலிருந்தே மேற்கோள் குறிக்குள் அனுப்பிவிடுங்கள்.

தமிழ்ப் பெயர் ஒன்றை உள்ளே விட்டால்

மொழி ஒப்பீடுகளில் இதை யாரும் பார்ப்பதில்லை; நமக்கு இது தினசரிப் பிரச்சினை. ‘வெங்கடசுப்பிரமணியன்’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நாம் எண்ணினால் 12 எழுத்து. பைதானும் ஜாவாஸ்கிரிப்டும் 19 என்று சொல்லும். நீளம் சொல்லும் ஃபங்ஷன்களான கோவின் லென்னும் பிஎச்பியின் ஸ்ட்ர்லென்னும் 57 என்று சொல்லும். கொம்பு, புள்ளி, கொக்கி எல்லாம் யூனிகோடில் தனித்தனிக் குறியீடு என்பதால் 19. யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்பதால் 57. பெயர் 50-க்குள் இருக்க வேண்டும் என்று கோவில் லென்னை வைத்துச் சோதித்தால் இவருக்கு அக்கவுண்டே திறக்காது. 50 பைட்டில் வெட்டினாலோ நடுக்குறியீடு அறுந்து, கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம்தான் திரையில் மின்னும். பைதானில் முதல் 9-ஐ வெட்டினால் ‘வெங்கடசுப’ என்று புள்ளி உதிர்ந்து நிற்கும்.

12 என்று சரியாகச் சொல்ல வைக்க பிஎச்பியில் இன்ட்ல் எக்ஸ்டென்ஷனின் கிராஃபீம் ஸ்ட்ர்லென் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல்.செக்மென்டர். கோவுக்கும் பைதானுக்கும் கூடவே வரும் லைப்ரரியில் இதற்கு ஒன்றும் கிடையாது, வெளியே பேக்கேஜ் தேட வேண்டும். இந்தச் சுற்றில் என் ஓட்டு ஜாவாஸ்கிரிப்டுக்கு. நோட்டிலும் ப்ரௌசரிலும் ஒரே கணக்கு வருவது பெரிய நிம்மதி.

சர்வரில் ஏற்றுவது

கோ: ஒரே ஒரு பைனரி. காப்பி செய்து ஓட்டினால் முடிந்தது.

பிஎச்பி ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புதிதாக எழுந்து, பதில் சொன்னதும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் படுத்துவிடும். ஒரு ரிக்வெஸ்டில் மெமரி கசிந்தாலும் அடுத்ததைப் பாதிக்காது. இந்த மறதியே அதன் பலம். நோட் அப்படியில்லை, ஒரே த்ரெட்டில் (ஒற்றை வேலை வரிசையில்) எல்லோருக்கும் பதில் சொல்கிறது. யாரோ ஒருவர் பெரிய ரிப்போர்ட்டைக் கேட்க, அதன் லூப் ஐந்து நொடி ஓடினால், அந்த ஐந்து நொடியும் மற்றவர்கள் எல்லோரும் காத்திருப்பார்கள். பைதானில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் ஜிஐஎல் என்ற பூட்டு காரணமாக த்ரெட்டை நம்பாமல் ப்ராசஸ்களைப் பெருக்குவோம், அதனால் மெமரி சற்றுக் கூடுதலாகும். 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் ஜிஐஎல் இல்லாத பதிப்பைச் சோதனையாகத் தந்தார்கள். அதை நம்பி இன்று நான் எதையும் திட்டமிட மாட்டேன்.

முன்பக்கத்துக்கு ரியாக்டா, எச்டிஎம்எக்ஸா

திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ரியாக்ட் 2013 மே மாதம் வெளியானது. அதன் மேல் நியாயமில்லாத ஒரு புகார் உண்டு, அடிக்கடி மாறுகிறது என்று. 2019-இல் ஹூக்ஸ் என்ற புதிய எழுதும் முறை வந்த பிறகும் பழைய கிளாஸ் காம்பொனென்ட்கள் இன்றும் ஓடுகின்றன. இன்னொரு முன்பக்க ஃப்ரேம்வொர்க்கான ஆங்குலர்ஜேஎஸ்ஸிலிருந்து 2016-இல் ஆங்குலர் 2 என்று முற்றிலும் வேறொன்றைக் கொண்டுவந்தார்களே, அந்த அளவுக்கு ரியாக்ட் யாரையும் நடுத்தெருவில் விடவில்லை. இங்கேயும் மூப்படைவது சுற்றியிருக்கும் பில்ட் கருவிகள்தான். எல்லோருக்கும் தொடக்கமாக இருந்த கிரியேட் ரியாக்ட் ஆப்பை 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள். இப்போது எல்லோரும் வீட் என்ற பில்ட் கருவிக்கு மாறிவிட்டார்கள். நல்ல கருவிதான், நாளை எதுவோ.

எச்டிஎம்எக்ஸ் ஒரே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல். அதை உங்கள் ப்ராஜெக்டுக்குள்ளேயே காப்பி செய்து வைத்துக்கொள்ளலாம், பில்டே கிடையாது. பட்டனை அழுத்தினால் சர்வர் எச்டிஎம்எல் துண்டை அனுப்பும், இது பக்கத்தில் சொன்ன இடத்தில் பொருத்தும். லிஸ்ட், தேடல், ஃபார்ம், அப்ரூவல் என்று போகும் ஆபீஸ் மென்பொருளுக்கு இதுவே தாராளம். டிஜாங்கோவோடு சேர்த்தால் அட்மின் பக்கம் வேறு இலவசமாக வருகிறது; ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில், அவசரமாகப் பக்கங்கள் ஏற்ற வேண்டிய நெருக்கடியில் பிறந்த ஃப்ரேம்வொர்க் அது. சிறிய டீமுக்கு என் தேர்வு இந்த ஜோடிதான். ஒரே சமயத்தில் ஏராளமான கனெக்ஷன்களைத் தாங்க வேண்டிய சர்வீஸ் என்றால் கோ. ஏற்கெனவே பிஎச்பி தெரிந்த டீம் இருந்தால் மாற்றச் சொல்ல எனக்கு வாய் வராது.

எச்டிஎம்எக்ஸ் தடுமாறும் இடங்களும் உண்டு. எக்செல் மாதிரிக் கட்டங்கள், இழுத்து வைத்து வரையும் பலகை, நெட் இல்லாமலும் ஓட வேண்டிய திரை. அங்கே ஒவ்வொரு அசைவுக்கும் சர்வரைக் கேட்டுக்கொண்டிருந்தால் பயன்படுத்துகிறவர் எரிச்சலாகிவிடுவார். அதற்காக முழு அப்ளிகேஷனையும் ரியாக்டுக்கு நகர்த்த வேண்டியதில்லை. அந்த ஒரு திரையை மட்டும் ரியாக்டில் எழுதி, பில்ட் ஆகி வந்த ஃபைலையும் ரெப்போவிலேயே கமிட் செய்துவிடுங்கள். கூடவே லாக் ஃபைலும், எந்த நோட் பதிப்பில் பில்ட் ஆனது என்ற குறிப்பும் இருக்கட்டும். அந்தத் திரையைத் தொடாத வரை, அடுத்து வருகிறவர் தன் மெஷினில் நோட்டை இறக்கவே வேண்டியிருக்காது.