ஐம்பது ரூபாய் மனுவும் ஆறு மாதக் கெடுவும்: வருமான வரித் தீர்ப்பாயத்தின் திருத்தச் சேவை பற்றி ஒரு மதிப்பீடு

வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய, நிர்ணயிக்கப்பட்ட வருமானம் இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டினால், அதில் ஒரு சதவீதம் கட்டணம். உச்சவரம்பு 10,000 ரூபாய். அதே தீர்ப்பாயம் பிறப்பித்த உத்தரவில் பிழை இருக்கிறது, திருத்தித் தாருங்கள் என்று வரி செலுத்துபவர் கேட்பதற்குக் கட்டணம் 50 ரூபாய்தான். சென்னையில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே இந்தத் தொகை போதாது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 254(2) பிரிவின் கீழ் வரும் இந்த மனுவை நாங்கள் எம்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வோம். மிசலேனியஸ் அப்ளிகேஷன் என்பதன் முதலெழுத்துகள். வரி ஆலோசகனாகப் பல மனுக்களை எழுதி, சிலவற்றில் வென்று, சிலவற்றில் என் தவறால் தோற்றவன் என்ற முறையில், இந்தச் சேவை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் சரக்கு என்ன என்று பார்ப்போம். பதிவேட்டில் வெளிப்படையாகத் தெரியும் பிழையை மட்டும் தீர்ப்பாயம் திருத்தலாம். வெளிப்படை என்றால் என்ன என்பதை 1971-இல் வோல்கார்ட் பிரதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பார்த்த மாத்திரத்தில் தெரிவதுதான் பிழை. இருவேறு கருத்துகளுக்கு இடமுள்ள ஒன்றை நீண்ட வாதத்தால் நிறுவ வேண்டியிருந்தால் அது இந்தப் பிரிவுக்குள் வராது. கூட்டல் தவறு, ஆண்டு மாறிப்போனது, மேல்முறையீட்டில் எழுப்பிய காரணங்களில் ஒன்று முடிவு செய்யப்படாமல் விடுபட்டது ஆகியவை இதில் அடங்கும். வாதத்தின்போது மேற்கோள் காட்டிய இணை அமர்வின் (அதே தீர்ப்பாயத்தின் சம நிலையிலுள்ள இன்னொரு அமர்வின்) தீர்ப்பு கவனிக்கப்படாமல் போனதும் அடங்கும் என்று 2007-இல் ஹோண்டா சியல் வழக்கில் தீர்ப்பானது. அதற்கு அடுத்த ஆண்டு சௌராஷ்டிரா கட்ச் பங்குச் சந்தை வழக்கில், உச்ச நீதிமன்றத் தீர்ப்போ வழக்கு எழுந்த மாநிலத்தின் உயர் நீதிமன்றத் தீர்ப்போ கருதப்படாமல் போனாலும் அது வெளிப்படையான பிழையே என்று உறுதியானது.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் படித்துவிட்டு எங்களில் பலர் சற்று அதிகமாகவே நம்பிவிட்டோம். எம்.ஏ. என்ற பெயரில் வழக்கு முழுவதையும் மறுபடி வாதாடலாம் என்ற எண்ணம் வளர்ந்தது. அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது 2021 டிசம்பர் 3 அன்று ரிலையன்ஸ் டெலிகாம் வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. வெளிநாட்டு நிறுவனத்திடம் மென்பொருள் வாங்கியதற்குக் கொடுத்த தொகை பற்றிய அந்த வழக்கில், 2013-இல் வருமான வரித் துறைக்குச் சாதகமாகத் தந்த உத்தரவைத் தீர்ப்பாயம் 2016-இல் முழுமையாகத் திரும்பப் பெற்றிருந்தது. அப்படித் திரும்பப் பெறும் அதிகாரம் 254(2)-இல் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 47-ஆம் ஆணையில் உள்ள குறுகிய மறுஆய்வு அதிகாரத்தைப் போன்றதே 254(2) தரும் அதிகாரம். உத்தரவின் முடிவே தவறென்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கசப்பாக இருந்தாலும் சரியான தீர்ப்பு என்பது என் கருத்து. தோற்ற தரப்பு ஒவ்வொன்றும் ஐம்பது ரூபாயில் இரண்டாவது விசாரணை கேட்டால் மேல்முறையீடு என்ற ஏற்பாட்டுக்கே பொருள் இருக்காது.

இதை நான் ஏட்டில் படிப்பதற்கு முன்பே அனுபவத்தில் கற்றேன். நான் எழுதிய முதல் எம்.ஏ. பதினொரு பக்கம். கணக்குப் புத்தகங்கள், உறுதிமொழிப் பத்திரங்கள், அவற்றின் நம்பகத்தன்மை என்று எல்லாவற்றையும் மீண்டும் அடுக்கியிருந்தேன். இத்தகைய மனுக்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில்தான் எடுத்துக்கொள்ளப்படும். என் முறை வந்தபோது தீர்ப்பாய உறுப்பினர் ஒரே கேள்வி கேட்டார்: "பிழை எந்தப் பத்தியில் இருக்கிறது?" பதினொரு பக்கத்தில் ஒரு பத்தி எண்கூட இல்லை. ஐந்து நிமிடத்தில் மனு தள்ளுபடி ஆனது. அன்றிலிருந்து என் மனுக்கள் இரண்டு பக்கத்தைத் தாண்டுவதில்லை. உத்தரவின் பத்தி எண், அதற்கு எதிரே பேப்பர் புக்கின் (விசாரணைக்காகத் தாக்கல் செய்த ஆவணத் தொகுப்பின்) பக்க எண், கீழே கோரும் திருத்தம், அவ்வளவுதான்.

இனி கெடுவுக்கு வருவோம். என் புகார்களில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. 2016 மே 31 வரை உத்தரவு நாளிலிருந்து நான்கு ஆண்டுகள் அவகாசம் இருந்தது. 2016-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை, உத்தரவு பிறப்பித்த மாதத்தின் முடிவிலிருந்து ஆறு மாதம் என்று குறைத்தது. தீர்ப்பாயத்தின் உத்தரவுகளுக்கு ஓர் உறுதித்தன்மை வர வேண்டும் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். நான்கு ஆண்டுகள் அதிகம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எட்டில் ஒரு பங்காகக் குறைத்தவர்கள் கெடு எந்த நாளில் தொடங்கும் என்பதையும் சீர்செய்திருக்கலாம். சட்டம் சொல்வது உத்தரவு பிறந்த மாதத்தை. அது வரி செலுத்துபவர் கைக்கு வந்த நாளைச் சட்டம் பேசவில்லை. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வதற்கான 120 நாளோ, உத்தரவு கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. ஒரே உத்தரவுக்கு இரண்டு கடிகாரங்கள், இரண்டுக்கும் வெவ்வேறு தொடக்கம்.

எங்கள் கட்சிக்காரர் ஒருவர் இரும்புக் கடை வைத்திருப்பவர். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே கடையை வேறு தெருவுக்கு மாற்றினார்; புதிய முகவரியைத் தீர்ப்பாயத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நாங்கள் அதைச் செய்யத் தவறினோம். மார்ச் 3 தேதியிட்ட உத்தரவு பழைய முகவரிக்குப் போனது. அங்கே அப்போது ஒரு தையல்கடை. தையல்காரர் உறையைப் பத்திரமாகத் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்திருந்தார். சற்று அதிகப் பத்திரமாகத்தான். செப்டம்பர் 13 அன்று அது எங்கள் மேசைக்கு வந்தபோது உறையின் மேல் தையல் சாக்பீஸ் கோடு ஒன்றும் ஒரு சட்டையின் தோள் அளவும் இருந்தன. மார்ச் 31-லிருந்து ஆறு மாதம், அதாவது செப்டம்பர் 30 கடைசி நாள். மீதமிருந்த பதினேழு நாளில் மனுவை மூன்று பிரதிகளில் தயாரித்துத் தாக்கல் செய்துவிட்டோம். மாத முடிவிலிருந்து எண்ணும் முறை எங்களுக்கு 27 நாளைக் கூடுதலாகத் தந்தது. அதே உத்தரவு மார்ச் 31 அன்று பிறந்திருந்தால் அந்தச் சலுகை சுழியம்.

அந்த உறை அக்டோபரில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேல்முறையீடு தாமதமானால் தகுந்த காரணம் காட்டி மன்னிப்புப் பெறத் தீர்ப்பாயத்துக்கு 253(5) பிரிவு வெளிப்படையாக அதிகாரம் தருகிறது. 254(2)-இல் அப்படி ஒரு வரி இல்லை. உத்தரவு தரப்பினருக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் ஆறு மாதத்தை எண்ண வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2020-இல் விளக்கம் தந்தது ஆறுதல் அளிக்கிறது. என்றாலும் முகவரியைத் தெரிவிக்காத எங்களைப் போன்றவர்கள் அந்த விளக்கத்தின் நிழலில் எவ்வளவு தூரம் ஒதுங்க முடியும் என்பது விவாதத்துக்கு உரியது. இரண்டு வரிச் சட்டத் திருத்தத்தில் தீரக்கூடிய சிக்கல் இது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவலை வேண்டாம். கெடுவுக்குள் மனு கொடுத்துவிட்டால், தீர்ப்பாயம் அதைக் கெடு கழித்து எடுத்துக்கொண்டாலும் மனு செத்துப்போகாது. இதை நிலைநாட்டியது நம் தமிழ்நாட்டு வழக்கு. நான்கு ஆண்டுக் கெடு இருந்த காலத்தில் ஸ்ரீ அய்யனார் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்ஸ் உரிய நேரத்தில் மனு கொடுத்திருந்தது. தீர்ப்பாயத்தின் திருத்தம் நான்கு ஆண்டு கடந்து வந்ததால் அது செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2008-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, காலத்துக்குள் வந்த மனுவை முடிவு செய்யத் தீர்ப்பாயம் கடமைப்பட்டது என்றது. நல்லதுதான், ஆனால் இதன் மறுபக்கம், மனுவை எப்போது முடிக்க வேண்டும் என்பதற்குக் கட்டாயக் கெடு ஏதும் இல்லாமல் போனது. வரியைக் கணக்கிட்டு முடிவு செய்யும் நிர்ணய அதிகாரியிடம் 154-ஆம் பிரிவில் திருத்தம் கேட்டால், மனு வந்த மாத முடிவிலிருந்து ஆறு மாதத்துக்குள் அவர் பதில் தர வேண்டும். அந்தக் கண்டிப்பு இங்கேயும் இருந்திருக்க வேண்டும்.

வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை இன்னும் சில. எம்.ஏ. நிலுவையில் இருப்பதால் உயர் நீதிமன்றத்துக்கான 120 நாள் நின்றுவிடாது. இரண்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். தள்ளுபடியான எம்.ஏ. மீது இன்னொரு எம்.ஏ. போடலாம் என்று நினைப்பவர்கள் 50 ரூபாயை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். திருத்தத்தால் வரி கூடுமானால், நோட்டீஸ் தந்து உங்கள் தரப்பைக் கேட்காமல் தீர்ப்பாயம் அதைச் செய்ய முடியாது. நிர்ணய அதிகாரிக்கும் எம்.ஏ. போடும் உரிமை உண்டு என்பதால் இந்தப் பாதுகாப்பு முக்கியமானது.

ஐந்து நட்சத்திரத்துக்கு மூன்றரை தருவேன். விலைக்கும் வேலைக்கும் நான்கு தரலாம். கெடுவை எண்ணும் முறைக்காக அரை நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள்கிறேன்.

2025 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட ஜி.எஸ்.டி. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துச் செல்ல வேண்டாம். அங்கே திருத்தத்துக்கு உத்தரவு தேதியிலிருந்து மூன்றே மாதம். மாத முடிவு என்ற சலுகையும் இல்லை. மார்ச் 3 உத்தரவு என்றால் எங்கள் அலுவலக நாட்காட்டியில் வருமான வரிக்குச் செப்டம்பர் 30-லும், ஜி.எஸ்.டி.க்கு ஜூன் 3-லும் சிவப்பு மையில் வட்டமிடுகிறோம்.