தண்டையார்பேட்டை லேப்டாப் ரிப்பேர் கடை: பாஸ்வேர்டில் கை வைக்கும் முன் வாரிசு சான்றிதழ் கேட்டவர்

டி.எச். சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், மாவு மில்லுக்கு மாடியில் இருக்கிறது இந்தக் கடை. லேப்டாப், போன் இரண்டும் பார்க்கிறார்கள். போர்டு மங்கிப்போயிருக்கும், மில் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். வேலை சுத்தம், கூலி கொஞ்சம் கூடுதல், தாமதம் உண்டு. நான் இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. பூட்டிக் கிடப்பதைத் திறக்கத் தெரிந்த ஒருவர், எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று இவ்வளவு யோசித்து வேலை செய்வதை வேறு எங்கும் நான் பார்க்கவில்லை.

அப்பா தவறிய பிறகு அவருடைய பழைய லேப்டாப் பூட்டியே கிடந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருக் கோயில் சீட்டுக் கணக்கு, அண்ணன் கல்யாணப் படங்கள், பென்ஷன் காகிதங்களின் ஸ்கேன் எல்லாம் அதற்குள்தான். பாஸ்வேர்டு வீட்டில் யாருக்கும் தெரியாது. முதலில் வேறொரு கடைக்குக் கொண்டுபோனேன். "ஐந்நூறு ரூபா, வெச்சுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க" என்றார்கள். யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் திருடிக்கொண்டு வந்திருந்தாலும் அதே ஐந்நூறுதான் போல. கையோடு எடுத்து வந்துவிட்டேன்.

இங்கே கடைக்காரத் தம்பி லேப்டாப்பைத் தொடும் முன்பே இறப்புச் சான்றிதழ் கேட்டார். அப்புறம் வாரிசு சான்றிதழ், என் ஆதார், அம்மாவின் கையெழுத்தோடு ஒரு கடிதம். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. "உங்களை நம்பலைன்னு இல்லக்கா. நாளைக்கு உங்க அண்ணன் வந்து, யாரைக் கேட்டுத் திறந்தேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். செத்துப்போனவர் அனுமதி கொடுக்க முடியாது. அவருக்காக யார் கொடுக்கலாம் என்பதை நான் ஒருத்தி தீர்மானிக்க முடியாதே.

காகிதங்களோடு திரும்பிப் போனபோது, எந்தெந்த ஃபோல்டர் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார். பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து, ஒரு கேபிளில் மாட்டித் தன் கம்ப்யூட்டரில் செருகினார். படிக்க மட்டும் முடியும், எதுவும் எழுத முடியாதபடி வைத்துக்கொண்டார். பாஸ்வேர்டை அவர் உடைக்கவே இல்லை. விண்டோஸ் 7 காலத்து மெஷின், டிஸ்க் என்கிரிப்ட் செய்யப்படவில்லை, அதாவது உள்ளே இருப்பது சாவி இல்லாமல் படிக்க முடியாத ரகசியக் குறியீடாக மாற்றப்படவில்லை. வாசலில் பெரிய பூட்டு, பின்பக்கம் சுவரே இல்லாத வீடு மாதிரி. இப்போது வரும் புது லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க்கையே அப்படிப் பூட்டும் பிட்லாக்கர் இருக்கிறது. 48 இலக்க மீட்புச் சாவி இல்லாவிட்டால் தன்னாலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அந்தச் சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும், உயிரோடு இருக்கும்போதே வீட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

திரையை என் பக்கம் திருப்பி வைத்துத்தான் காப்பி செய்தார். தாளில் எழுதிய ஃபோல்டர்கள் மட்டும் பென் டிரைவுக்கு வந்தன. பக்கத்திலேயே அப்பாவின் மெயில் இருந்தது, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் இருந்தன. அவற்றில் நுழைய மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பேங்க் பணத்துக்குக் கிளைக்குப் போய் க்ளெய்ம் போடுங்கள், ஜிமெயிலுக்கு கூகுளிடமே இறந்தவர் கணக்குக்கான விண்ணப்பம் இருக்கிறது என்றார். அலைச்சல்தான். ஆனால் அப்பா யார் யாருக்கு என்ன எழுதினார் என்பது அவரோடேயே இருக்கட்டும் என்று எனக்கும் பட்டது.

இந்தத் திரையைத் திருப்பி வைக்கும் பழக்கம் சின்ன விஷயமே கிடையாது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உள்ளே நடப்பதையெல்லாம் பதிவு செய்யும்படி தயார் செய்த லேப்டாப்களை 16 ரிப்பேர் கடைகளில் கொடுத்துப் பார்த்து 2022இல் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். 6 கடைகளில் சொந்த ஃபைல்களைத் துழாவியிருந்தார்கள். 2 இடங்களில் வெளியே காப்பியே எடுத்திருந்தார்கள். பெண்களுடையது என்று தெரிந்தால் துழாவல் அதிகம். நம் ஏரியாவில் எத்தனை பெண்கள் டிஸ்ப்ளே உடைந்த போனையே ரிப்பேருக்குக் கொடுக்கப் பயந்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

நான் உட்கார்ந்திருந்தபோதே ஒருவர் போனோடு வந்தார். மனைவியுடையதாம், பேட்டர்ன் மறந்துவிட்டதாம். "அவங்களையே வரச் சொல்லுங்கண்ணா" என்றார் தம்பி. "நான்தான்யா வாங்கிக் கொடுத்தேன், பில் என் பேர்ல இருக்கு" என்று அவர் குரலை உயர்த்தினார். "பில் உங்க பேர்லயே இருக்கட்டும்ணா. உள்ள இருக்கிற மெசேஜ் அவங்களோடதுதானே?" வந்தவர் அதோடு விடவில்லை. அவள் எங்கே போகிறாள் என்று காட்டும் ஆப் ஒன்றாவது ஏற்றிக் கொடு, எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்றார். முடியாது என்று தம்பி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. இந்தக் கடை அவளுக்கு என்ன செய்தது என்று அவளுக்கும் தெரியப்போவதில்லை.

பழைய சாமான் சந்தையில் வாங்கிய போனை அன்லாக் செய்யச் சொன்னால் முதலில் ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண்ணை, முன்னால் கேஒய்எம் (KYM) என்று சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கிறார். திருட்டுப் போன் என்று பிளாக் ஆகியிருந்தால் தொடுவதில்லை.

கடையில் வேலை பழகும் பையன் ஒருவன் இருக்கிறான், பாலிடெக்னிக் படிக்கிறான். எதிர்க்கடை சிசிடிவி, கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமலே ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அதன் படத்தைப் போனில் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறான். தம்பி அவனை அழைத்துக்கொண்டு போய் அந்தக் கடைக்காரரிடமே சொல்ல வைத்து, பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தாராம். உரிமையாளர் அனுமதி இல்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவில் வரும். அதையே கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார். கூடவே சென்னைக்காரர் லக்ஷ்மண் முத்தையாவின் கதையையும். இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு மாற்ற அனுப்பும் ஆறு இலக்க எண்ணில் ஓட்டை இருப்பதை 2019இல் கண்டுபிடித்து, ஃபேஸ்புக்கிடமே தெரிவித்து, 30,000 டாலர் பரிசு வாங்கியவர். பையன் அவருடைய பெயரை ஒட்டுத்தாளில் எழுதிக் கீபோர்டு பக்கத்தில் ஒட்டியிருக்கிறான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இவரோடு உடன்பாடு இல்லை. கிராக் செய்த விண்டோஸ், ஆபீஸ் எதையும் ஏற்றித் தர மாட்டார். அவற்றுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் உபுண்டுவும் லிப்ரேஆபீஸும் போட்டுத் தருகிறார். கிராக் ஃபைலோடு வைரஸ் வரும் என்பது உண்மைதான். ஆனால் காசில்லாத காலேஜ் பையன் ஒரு சாஃப்ட்வேரைக் காப்பி அடிப்பதும், அடுத்தவர் மெசேஜைத் திறந்து படிப்பதும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை என்று என்னால் ஏற்க முடியவில்லை. முதலாவதில் ஒரு கம்பெனிக்குக் கொஞ்சம் வருமானம் போகிறது. இரண்டாவதில் ஒரு மனுஷியின் நிம்மதியே போகிறது. சொல்லிப் பார்த்தேன். "எனக்கு ரெண்டு ரூல் வெச்சுக்க வராதுக்கா" என்றார். ஆனாலும் வரைபடம் போடும் ஆட்டோகேட் சாஃப்ட்வேர் கேட்டு வந்த மாணவனுக்கு, மாணவர்களுக்கான இலவச லைசென்ஸ் இருப்பதைச் சொல்லி, அங்கேயே பதிவு செய்து கொடுத்ததையும் பார்த்தேன்.

எனக்கு ஆன கூலி 1,200 ரூபாய், கையெழுத்து பில்லோடு. போன் அடித்தால் எடுப்பதில்லை, நேரில்தான் போக வேண்டும். உட்கார ஒரே ஒரு ஸ்டூல். படி செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் கீழிருந்து குரல் கொடுத்தால் பையன் இறங்கி வருவான். தண்டையார்பேட்டை மெட்ரோவிலிருந்து நடந்தே போகலாம். ஞாயிறு விடுமுறை. சொந்தப் பொருளாக இருந்தாலும் பில்லும் ஆதாரும் எடுத்துப் போங்கள். இறந்தவர்களுடையது என்றால் வாரிசு சான்றிதழின் நகல் ஒன்று கூடுதலாக.