லினக்ஸில் டயல்-அப்: எந்த மோடம், எந்த டயலர்?

லினக்ஸில் டயல்-அப் (தொலைபேசிக் கம்பி வழி இணைய) இணைப்பு பெற முனைந்த புதியவர்களில் பலர், லினக்ஸ் வெளியீடுகளில் ரெட் ஹாட் நிறுவுவதா, மாண்ட்ரேக் நிறுவுவதா, டெபியனுக்குப் போவதா என்ற கேள்வியிலேயே முதல் வாரத்தைக் கழித்தனர். மூன்றில் எதை நிறுவினாலும் இணைப்பை உண்டாக்கியது, தொலைபேசிக் கம்பி வழியே இணையத் தரவை அனுப்பும் பிபிபி நெறிமுறையை இயக்கும் அதே பிபிபிடி நிரல்தான். ஒரு மாலையில் வேலை முடியுமா, ஒரு மாதம் இழுக்குமா என்பதைத் தீர்மானித்தது தொலைபேசிக் கம்பி வந்து செருகும் அந்தச் சிறிய பொருள். ஆகவே இங்கு மோடத்துக்கே அதிக இடம் தருகிறேன். தொலைபேசி எண்ணைச் சுழற்றும் டயலர் மென்பொருள்களை அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

மோடத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. கணினியின் பிட்டுகளைத் தொலைபேசிக் கம்பியில் செல்லக்கூடிய ஒலியாக மாற்றுவதும், வரும் ஒலியை மீண்டும் பிட்டுகளாக்குவதும் முதல் வேலை. ‘ஏடி’ என்று தொடங்கும் ஹேய்ஸ் கட்டளைகளைப் புரிந்துகொள்வது, எண்ணைச் சுழற்றுவது, பிழை திருத்துவது, தரவைச் சுருக்குவது ஆகியவை இரண்டாவது. பழைய மோடங்களில் இவ்விரண்டையும் மோடத்துக்குள் இருந்த சில்லுகளே செய்தன. 1990களின் பிற்பகுதியில் கணினிகளின் வேகம் கூடியபோது, அந்தச் சில்லுகளை நீக்கிவிட்டு அவற்றின் வேலையை வன்பொருளை இயக்கும் மென்பொருளான விண்டோஸ் டிரைவரின் தலையில் கட்டினால் அட்டையின் விலையை வெகுவாகக் குறைக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் கண்டுகொண்டனர். 1998இல் வி.90 என்னும் மோடத் தரம் வந்து 56 கே (நொடிக்கு 56 கிலோபிட்) மோடங்கள் பரவியபோது கடைகளில் குவிந்தவை பெரும்பாலும் கணினிக்குள் செருகும் இத்தகைய பிசிஐ அட்டைகளே. இவற்றை எல்லோரும் வின்மோடம் என்றனர். அது உண்மையில் யுஎஸ் ரோபோடிக்ஸ் நிறுவனத்தின் வணிகப் பெயர்.

வெளி மோடத்தை முதலில் பார்ப்போம். சீரியல் போர்ட்டில் செருகி, தனி அடாப்டரில் மின்சாரம் கொடுத்து இயக்கும் இந்தப் பெட்டிக்கு லினக்ஸில் டிரைவர் என்று ஒன்றுமே தேவையில்லை. லினக்ஸின் மையமான கெர்னலுக்குத் தெரிய வேண்டியது சீரியல் போர்ட் மட்டுமே. அது தொடக்கத்திலிருந்தே தெரியும். விண்டோஸில் காம்1 என்பது லினக்ஸில் டிடிஒய்எஸ்0, காம்2 என்பது டிடிஒய்எஸ்1 என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எண் ஒன்று குறைவதால் தடுமாறியவர்கள் ஏராளம். மோடத்தோடு நேரடியாகப் பேச உதவும் மைனிகாம் நிரலைத் திறந்து, சரியான போர்ட்டைக் கொடுத்து, ‘ஏடி’ என்று தட்டி என்டரை அழுத்தினால் ‘ஓகே’ என்று பதில் வரும். அந்த ஓர் ஓகேயோடு வன்பொருள் பற்றிய சந்தேகங்கள் எல்லாம் தீர்ந்துவிடுகின்றன. பதில் வராவிட்டாலும் சந்தேகப்பட வேண்டியவை மூன்றே: கேபிள், போர்ட் எண், அந்தப் போர்ட்டைத் தொடும் அனுமதி. டெபியனில் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்க்காமல் விட்டவர்களுக்குக் காரணம் மூன்றாவதாகத்தான் இருக்கும்.

வெளி மோடத்தின் முகப்பு விளக்குகளையும் நான் ஒரு வசதியாகவே கணக்கில் எடுக்கிறேன். ஓஎச் விளக்கு எரிந்தால் மோடம் ரிசீவரைத் தூக்கிவிட்டது என்று பொருள். சிடி எரிந்தால் மறுமுனை மோடத்தோடு கைகுலுக்கியாகிவிட்டது. எஸ்டியும் ஆர்டியும் மினுங்கினால் தரவு போய்வருகிறது. சிடி எரிந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால், குற்றம் தொலைபேசியிலோ மோடத்திலோ இல்லை, அதற்கு மேலே பிபிபியிலோ, தளப் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் அமைப்பிலோதான் என்பது ஒரு வரி லாக் படிக்காமலே தெரிந்துவிடும். உள்ளே செருகிய அட்டையில் இந்தச் சாளரம் கிடையாது. கணினி மிகப் பழையதாக இருந்தால் மட்டும் சீரியல் போர்ட்டைக் கையாளும் யுஏஆர்டி சில்லைக் கவனிக்க வேண்டும்: 16550ஏ வகைக்கு 16 பைட் தாங்கல் நினைவகம் இருந்ததால் நொடிக்கு 115200 பிட் வேகத்தைத் தாங்கியது, 8250, 16450 வகைகளில் பைட்டுகள் தவறின. செட்சீரியல் கட்டளை எந்த வகை என்பதைச் சொல்லிவிடும்.

குறை ஒன்றுதான், விலை. சாதாரண உள் அட்டையோடு ஒப்பிட்டால் வெளி மோடத்தின் விலை பல மடங்கு. நானும் அதற்குத் தயங்கி, ‘லினக்ஸிலும் ஓடும் சார்’ என்று கடைக்காரர் கொடுத்த உறுதியை நம்பி, பளபளக்கும் பிசிஐ அட்டை ஒன்றை வாங்கி வந்தேன். பெட்டியின் மேல் 56 கே, வி.90, ஃபேக்ஸ், வாய்ஸ் எல்லாம் அச்சிட்டிருந்தது. உள்ளே எந்தச் சில்லு என்பது மட்டும் எங்கும் இல்லை. வீட்டில், பிசிஐ அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை இட்டபோது ‘கம்யூனிகேஷன் கன்ட்ரோலர்’ என்று ஒரு வரி வந்தது. அந்த இடத்தில் ‘சீரியல் கன்ட்ரோலர்’ என்று வந்திருந்தால் நல்ல சகுனம். யுஎஸ் ரோபோடிக்ஸின் 5610 போன்று, சில்லுகள் முழுமையாக உள்ள சில பிசிஐ அட்டைகள் அப்படித்தான் காட்டின. அவை உள்ளே அமர்ந்த வெளி மோடங்களாகவே நடந்துகொண்டன. ஆனால் அவை எளிதில் கிடைக்கவில்லை, மலிவாகவும் இல்லை.

வின்மோடங்கள் அனைத்தையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. லூசென்ட் சில்லுகள் கொண்டவை ஓரளவு கண்ணியமானவை. ஒலியை மாற்றும் சில்லு அவற்றில் இருந்தது, கட்டளையைப் புரிந்துகொள்ளும் பகுதிதான் டிரைவருக்குத் தள்ளப்பட்டிருந்தது. அதற்கான எல்டிமோடம் டிரைவரைத் தொகுத்து (கம்பைல் செய்து) நிறுவியவர்களுக்கு இணைப்பு நிலையாகவே கிடைத்தது. ஸ்மார்ட் லிங்க் அடுத்த இடம். அதன் எஸ்எல்மோடம்டி என்னும் பின்னணி நிரல் ஓடிக்கொண்டிருந்தால் டிடிஒய்எஸ்எல்0 என்ற போலிப் போர்ட் ஒன்று கிடைக்கும். மற்ற நிரல்கள் அதை மோடமாகவே நினைத்துக்கொள்ளும். கனெக்ஸன்ட் எச்எஸ்எஃப் வகைக்கு லினக்ஸன்ட் நிறுவனம் டிரைவர் அளித்தது. இலவசப் பதிப்பில் வேகம் 14.4 கேபிபிஎஸ் என்ற அளவோடு நிற்கும், முழு வேகத்துக்குப் பணம் கட்ட வேண்டும். பிசிடெல் அட்டை வைத்திருந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுவதே மரியாதை.

இவை அனைத்துக்கும் பொதுவான பிணி, டிரைவரின் மையப் பகுதி மூல நிரல் இல்லாத மூடிய பைனரியாக வந்ததும், அதைச் சுற்றியுள்ள மேலுறை மட்டும் நம் கெர்னலுக்கு ஏற்பத் தொகுக்கப்பட வேண்டியிருந்ததும் ஆகும். தொகுக்க ஜிசிசி என்னும் நிரல்தொகுப்பி வேண்டும்; நிறுவிய கெர்னலின் பதிப்போடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் ஹெடர் கோப்புகள் வேண்டும். அவை நிறுவல் சிடிகளில் எங்கோ இருக்கும், புதியவர் நிறுவும்போது தேவையில்லை என்று விட்டிருப்பார். டிரைவரைப் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும் என்ற சுழலில் நான் பிரவுசிங் சென்டருக்கும் வீட்டுக்கும் ஃபிளாப்பியோடு நடந்தது நான்கு முறை. நான்காம் முறை டிரைவர் ஏறியது. சில மாதங்கள் கழித்துக் கெர்னலைப் புதுப்பித்ததும் இறங்கிவிட்டது. அட்டையில் மிச்சம் பிடித்த தொகையைவிட அந்த நடையின் விலை அதிகம் என்றே இன்றும் கருதுகிறேன்.

யுஎஸ்பி மோடங்களை இரண்டு வரியில் முடிக்கலாம். ஏசிஎம் என்னும் பொதுத் தரத்தைப் பின்பற்றியவை சிடிசி-ஏசிஎம் டிரைவரோடு டிடிஒய்ஏசிஎம்0 என்று தாமாகவே தோன்றின. பின்பற்றாதவை யுஎஸ்பி உடை அணிந்த வின்மோடங்களே. மற்றொரு வேறுபாடு நம் ஊர் வானிலை சார்ந்தது. ஐப்பசி மாத இடிமின்னலில் தொலைபேசிக் கம்பி வழியாக வரும் மின்னழுத்தம் வெளி மோடத்தைப் பலிகொண்டாலும் பல சமயம் அதோடு நின்றுவிடும்; உள் அட்டை எரியும்போது மதர்போர்டையும் உடன் அழைத்துக்கொண்டு போவதுண்டு. எந்த மோடமானாலும் மழை இருட்டியதும் கம்பியைக் கழற்றிவிடுவதே உத்தமம்.

இனி டயலர்கள். கேபிபிபி, டபிள்யூவிடயல், கையால் எழுதும் சாட் ஸ்கிரிப்ட் என்று மூன்று வழிகள் பரவலாக இருந்தன. மூன்றும் கடைசியில் பிபிபிடியைத்தான் அழைக்கின்றன. வேறுபடுவது, நடப்பதில் எவ்வளவை நம் கண்ணுக்குக் காட்டுகின்றன என்பதில்.

கேபிபிபி, கேடிஇ என்னும் லினக்ஸ் மேசைச் சூழலின் பகுதியாக இருந்தது. விண்டோஸின் டயல்-அப் பெட்டியைப் பார்த்துப் பழகியவருக்கு உடனே கைவரும். மோடத்தை வினவும் பொத்தான் அதில் உண்டு. தொலைபேசிக் கட்டணத்தைக் கணக்கிடும் வசதியும் உண்டு, நிமிடத்துக்கு நிமிடம் பில் ஏறிய காலத்தில் அது சிறிய உதவி அல்ல. ஆனால் பிபிபிடி எதிர்பாராமல் நின்றுவிட்டது என்ற ஒற்றைப் பிழைச் செய்தியோடு அது கைவிரித்துவிடும். பெரும்பாலும் காரணம், பிபிபி அமைப்புக் கோப்பில் இருக்கும் ‘ஆத்’ என்னும் சொல். அது மறுமுனைச் சேவையகம் நம்மிடம் தன்னை நிரூபிக்க வேண்டும் என்று கேட்கிறது. எந்தச் சேவை நிறுவனமும் அதற்கு இணங்குவதில்லை. ‘நோஆத்’ என்று மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் அந்தப் பெட்டியைப் பார்த்து இதை யாரும் ஊகிக்க முடியாது.

டபிள்யூவிடயலுக்கு அழகு இல்லை, டெர்மினலில் ஓடும். அதோடு வரும் டபிள்யூவிடயல்கான்ஃப் போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப்பார்த்து, மோடத்தைக் கண்டுபிடித்து, அமைப்புக் கோப்பைத் தானே எழுதித் தருகிறது. தொலைபேசி எண், பயனர்பெயர், கடவுச்சொல் ஆகிய மூன்று வரிகளை மட்டும் நாம் நிரப்ப வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: அம்மூன்று வரிகளும் அரைப்புள்ளியில் தொடங்குகின்றன, அரைப்புள்ளி இருக்கும் வரை அவை வெறும் குறிப்புகளாகவே கருதப்படும். எண்ணைச் சரியாக நிரப்பிவிட்டு அரைப்புள்ளியை அழிக்க மறந்தவருக்கு, சரியான எண் தரப்படவில்லை என்ற செய்தி திரும்பத் திரும்ப வரும். அதைத் தாண்டிவிட்டால் நடப்பது எல்லாம் வரிவரியாகத் திரையில் ஓடும்: மோடத்துக்குப் போன கட்டளை, வந்த பதில், கனெக்ட் என்ற சொல், பிறகு டில்டே என்னும் நெளிகோட்டுக் குறியும் அடைப்புக்குறிகளுமாகக் கலந்த குப்பை போன்ற எழுத்துகள். முதல் முறை பார்ப்பவர் அந்தக் குப்பையைக் கண்டு இணைப்பைத் துண்டித்துவிடுவார். அது குப்பையன்று, பிபிபி சட்டகம் ஒவ்வொன்றும் தொடங்கும் குறியே டில்டேதான், மறுமுனை பேச ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. டபிள்யூவிடயல் இதை அறிந்து, உடனே பிபிபிடியை எழுப்பி, ஐபி முகவரிகளை அச்சிடுகிறது. டயல் டோன் இல்லை என்று மோடம் முறையிட்டால், உள்ளூர் எக்ஸ்சேஞ்சின் ஒலி அதற்குப் பழக்கமில்லை என்று பொருள். தொடக்கக் கட்டளையில் எக்ஸ்3 சேர்த்தால் டோனுக்குக் காத்திராமல் சுழற்றிவிடும். ஸ்மார்ட் லிங்க் வைத்திருந்தவர்கள் கேரியர் செக் என்பதற்கு ‘நோ’ என்று எழுத வேண்டியிருந்தது. இத்தகைய திருத்தங்களை எங்கே செய்வது என்பது ஒரே கோப்பில் கண்ணெதிரே இருப்பதால், புதியவருக்கு நான் கேபிபிபியைவிட இதையே பரிந்துரைப்பேன்.

சாட் ஸ்கிரிப்ட் எழுதுவது எதிர்பார்-அனுப்பு என்ற இணைகளை அடுக்குவதுதான்: ஏடிஇசட் அனுப்பு, ஓகே எதிர்பார், எண்ணைச் சுழற்று, கனெக்ட் எதிர்பார். கடவுச்சொல், பாப் என்னும் அடையாளச் சரிபார்ப்பு முறைக்கான ரகசியக் கோப்பில் தனியே இருக்கும். டெபியனில் பிபிபிகான்ஃபிக் இதைக் கேள்விகள் கேட்டே எழுதித் தந்துவிடும். பிறகு இணைக்க ‘பான்’, துண்டிக்க ‘பாஃப்’ என்ற இரு சொற்கள் போதும். முதல் நாளுக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து. எந்த வழியில் சென்றாலும் ஒரு சிக்கல் பொதுவானது: கணினியில் நெட்வொர்க் கார்டு இருந்து அதற்கு ஏற்கெனவே, இணையத் தரவு வெளியேறும் இயல்பு வழி (டிஃபால்ட் ரூட்) அமைந்திருந்தால், பிபிபிடி அதை மாற்றாது. அப்போது முகவரி கிடைத்தும் ஒரு பக்கமும் திறக்காது.

அன்றைய கணக்கில் வெளி மோடமும் டபிள்யூவிடயலும் சேர்ந்த கூட்டணிக்கே என் வாக்கு. கையில் ஏற்கெனவே லூசென்ட் அட்டை இருந்தவர் மட்டும் புதிதாகச் செலவழிக்கத் தேவையில்லை. இன்று பழைய கணினிகளை மீட்டெடுக்கும் ஆர்வத்தில் இதைப் படிப்பவருக்குக் கணக்குச் சற்று மாறுகிறது. அந்த மூடிய டிரைவர்கள் 2.4, 2.6 கெர்னல்களோடு தங்கிவிட்டன. இன்றைய கெர்னலில் அவற்றைத் தொகுக்க முயல்வது வீண். பிபிபிடியும் சாட் நிரலும் இன்றும் கிடைக்கின்றன, முதல் நாளுக்கு வேண்டாம் என்று நான் ஒதுக்கிய வழிதான் இப்போது கைகொடுக்கும். என் அலமாரியில் இருந்த வெளி மோடத்தைச் சென்ற ஆண்டு யுஎஸ்பி-சீரியல் கேபிள் ஒன்றில் இணைத்தேன். அது டிடிஒய்யுஎஸ்பி0 என்று வந்து நின்றது. ஏடி தட்டினேன், ஓகே வந்தது.