நூறு வாட் ஃபோகஸ் லைட்: நிலாவுக்கு ஆகும், முகத்துக்கு ஆகாது

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பந்தலுக்குக் கட்டும் 100 வாட் எல்இடி ஃபோகஸ் லைட் குறும்படத்தின் இரவுக் காட்சிக்குத் தாங்குமா? நிலா வெளிச்சத்துக்குத் தாராளமாகத் தாங்கும். முகத்தில் மட்டும் அடிக்கக் கூடாது.

பெயர்தான் ஃபோகஸ், வெளிச்சம் கிட்டத்தட்ட 120 டிகிரிக்குச் சிதறும். நடிகருக்கு முன்னால் வைத்தால் திருவிழாக் கடைத்தெரு மாதிரி ஆகிவிடும். திருவையாற்று வாழைக்கொல்லை என்றால், மூங்கிலில் 15 அடி உயரத்துக்கு ஏற்றி, கேமராவைப் பார்த்தபடி, நடிகருக்குப் பின்னால் 40 அடி தள்ளிக் கட்டுங்கள். கேமராவில் படாமல் இருக்க இரண்டு பக்கமும் கறுப்பு அட்டை. வாழையிலையில் தண்ணீர் தெளித்தால் ஓரமெல்லாம் வெள்ளிக்கோடு விழும். 20 அடியில் வைத்தால் வெளிச்சம் நான்கு மடங்கு வரும்தான். ஆனால் நடிகர் நாலு எட்டு வைத்தாலே எக்ஸ்போஷர் ஏறி இறங்கும்.

போதவில்லையென்று இன்னொன்றைத் தள்ளிக் கட்டினால் ஒரு ஆளுக்கு இரண்டு நிழல். நிலா ஒன்றுதானே? இரண்டையும் ஒட்டிக் கட்டி, ஒரு முழம் முன்னால் ஒரே பட்டர் பேப்பர் திரை போடுங்கள்.

லைட்டின் நிற அளவு 6500 கெல்வின். கேமராவின் ஒயிட் பேலன்ஸில் 4300 வைத்தால் இதமான நீலம் கிடைக்கும். 3200க்கு இறக்கினால் சொட்டுநீலத்தில் முக்கியது போலிருக்கும். மலிவு லைட்டில் சிவப்பு குறைவு, மாநிற முகம் சாம்பல் பூத்துவிடும். முகத்துக்கு சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு, நூற்றுக்கு) 90க்கு மேலுள்ள சின்ன பேனல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய குறை ஃபிளிக்கர். தனி டிரைவர் (கரண்டைச் சீராக்கும் சர்க்யூட்) இல்லாத மாடல்கள் நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டில் விநாடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஃபுட்டேஜில் கறுப்புப் பட்டை ஓடும். வாங்கும் இடத்திலேயே செல்போனில் ஷட்டரை 1/1000 வைத்துப் பாருங்கள். பட்டை தெரிந்தால் 25 ஃபிரேம், 1/50 ஷட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஸ்லோமோஷன் கனவை மறந்துவிடலாம். சாதா ஜெனரேட்டரில் லோடு மாறும்போது ஹெர்ட்ஸும் ஆடும், 1/50இலும் பட்டை எட்டிப்பார்க்கும். இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் கேளுங்கள். பக்கத்து பம்ப்செட்டில் கொக்கி போடுவது வேண்டாம். அது விவசாயத்துக்குக் கொடுத்த கரண்ட்.

லைட் மேலே ஐபி 65 (தூசியும் தண்ணீரும் புகாது) என்று போட்டிருக்கும். அது லைட்டின் உடம்புக்கு மட்டும். பின்னாலிருந்து வரும் அரை முழ ஒயரை டேப் சுற்றி இணைக்கிறார்களே, ஈர வரப்பில் ஆபத்து அங்கேதான். மூன்று கோர் ஒயர், எர்த், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) மூன்றும் இல்லாமல் வயலில் இறங்காதீர்கள்.

சம்பா நடவு முடிந்த சமயம் என்றால் பச்சைத் தத்துப்பூச்சி மொய்க்கும். லென்ஸ் முன்னால் பறந்தால் பனி கொட்டுவது போலிருக்கும். ஃபிரேமுக்கு வெளியே 50 அடி தள்ளி ஒரு பல்பை அரைமணி முன்பே எரியவிட்டால் பாதிக் கூட்டம் அங்கே போய்விடும். ஃபோகஸ் லைட்டை டேக் சொல்லும்போது மட்டும் போடுங்கள். பழைய மெட்டல் ஹாலைடு விளக்கு மாதிரி, அணைத்தபின் ஆறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, சுவிட்சைத் தட்டியதும் எரியும்.