ட்ரிக்கி டவர்ஸ்: மூன்று வருடமாக அடுக்குகிறேன்

டெட்ரிஸில் பழகிய கைக்கு, கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டும் வீடியோ கேமான ட்ரிக்கி டவர்ஸ் பிடிபடக் கொஞ்சம் நாளாகும். கட்டைகளின் வடிவம் அதேதான். ஆனால் இங்கே வரிசை நிரம்பினாலும் எதுவும் மறையாது. வைத்த கட்டை வைத்த இடத்திலேயே கிடந்து கனக்கும், வழுக்கும், சாயும். 2016-இல் வந்த விளையாட்டு இது. மூன்று வருடமாக ஆடுகிறேன், இன்னும் அலுக்கவில்லை.

தனியாக ஆட 50 சவால்கள் இருக்கின்றன. பாதியைத் தாண்டியதும் நிஜமாகவே கடினம். ஒரே சவாலில் நான் இரண்டு வாரம் நின்றிருக்கிறேன். ஆனால் சாய்வைப் படிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். எஸ் வடிவக் கட்டையை ஓரத்தில் பாதி வெளியே நீட்டி வைத்துப் பாருங்கள். கோபுரம் உடனே சரியாது. நீட்டிய முனை நூலளவு இறங்கும், அடுத்து அதைத் தாங்கும் கட்டை மெல்லத் திரும்பும், அப்புறம்தான் மொத்தமும் ஆட்டம் காணும். அந்த இடைவெளியில் எதிர்ப்பக்கம் ஒரு நீளக் கட்டையைப் படுக்க வைத்தால் எடை மறுபடி நடுவுக்கு வந்துவிடும். அவசரப்பட்டு வேகமாக இறக்கினால் மோதும் அதிர்ச்சியே போதும், எல்லாம் கீழே போய்விடும். கடைசி ஒரு விரற்கடை தூரத்துக்காவது பட்டனிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள்.

நாலு பேர் வரை சேர்ந்து ஆடும்போது இதே விளையாட்டு வேறு முகம் காட்டும். ரேஸ் என்ற வகை ஆட்டத்தில் எல்லைக்கோட்டை முதலில் தொட வேண்டும். சர்வைவலில் கட்டை விழ விழ உயிர் குறையும். பசில் (புதிர்) வகையில் மேலே ஒரு கோடு இருக்கும், அதைத் தொடாமல் யார் அதிகக் கட்டை வைக்கிறார்களோ அவர்களே ஜெயிப்பார்கள். புதிதாக வருபவர்களுக்கு ரேஸ்தான் நல்லது. கட்டை விழுந்தாலும் நேரம்தான் போகும், ஆட்டம் முடிந்துவிடாது. கேம் பக்கமே போகாத என் அக்காவுக்கு இரண்டே சுற்றில் பிடிபட்டுவிட்டது.

ஆட்டத்தின் நடுவே போடும் மந்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எதிராளியின் கட்டையைப் பெரிதாக்குவது, வழுக்க வைப்பது எல்லாம் பார்க்க ஜோர்தான். என் அனுபவத்தில் படர்கொடி மந்திரமே அதிகம் கைகொடுத்திருக்கிறது. தொட்டுக்கொண்டிருக்கும் கட்டைகளை அது பிணைத்துவிடும். அதைச் சரியான மூட்டில் போட்டால் அடிப்பகுதியைப் பற்றிக் கவலையில்லை.

தனியாக மட்டும் ஆடப் போகிறீர்கள் என்றால் சவால்கள் முடிந்தபின் ஈர்ப்பு குறையும், அதை மறைக்க விரும்பவில்லை. பக்கத்தில் உட்கார ஒருவராவது இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

ரேஸில் கோட்டைத் தொட்டால் மட்டும் போதாது, சில நொடிகள் கோபுரம் அங்கேயே நிற்க வேண்டும். போன வாரம் அக்காவின் கோபுரம் இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்தபடி அந்த நொடிகளைக் கடந்தது. கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, நாங்கள் எல்லாரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.