நியூமேக் மகளிர் கூடைப்பந்து 2025-26: ஸ்மித்தைத் துரத்துவது யார்?

முதலிடம் யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்துப் பகுதிக் கல்லூரிகள் மோதும் நியூமேக் கான்ஃபரன்ஸில், அதாவது லீக்கில், இந்த முறையும் ஸ்மித் கல்லூரிதான் முன்னணி. 2024லும் 2025லும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில் தேசிய இறுதிப் போட்டி வரை போன அணி அது. இரண்டு முறையும் எதிரே நின்றது நியூயார்க் பல்கலைக்கழகம். இரண்டு முறையும் தோல்வி. கொலம்பஸில் 51-41, சேலத்தில் 77-49. (நம்ம சேலம் இல்லை, வர்ஜீனியா மாநிலத்துச் சேலம்.) அந்த இரண்டு சீசன்களையும் நியூயார்க் 31-0 என்று ஒரு தோல்வி கூட இல்லாமல் முடித்தது.

ஆகவே இந்த அலசலில் கேள்விகள் இரண்டுதான். தேசியப் பட்டத்துக்கும் ஸ்மித்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி குறையுமா? கான்ஃபரன்ஸுக்குள் ஸ்மித்தை மடக்கும் அணி எது?

மூன்றாம் பிரிவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. படிக்க வந்த பெண்கள், படிப்புக்கு நடுவே விளையாடுகிறார்கள். தொலைக்காட்சிப் பணமும் பெரிய அரங்கமும் இல்லை. ஆனால் கூடைப்பந்தின் பூர்வீகம் இந்த லீக்கில்தான் இருக்கிறது. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கிய பயிற்சிப் பள்ளிதான் இன்றைய ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரி. அடுத்த ஆண்டே அதைப் பெண்களுக்குக் கொண்டுவந்தவர் ஸ்மித் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன். இரண்டு கல்லூரிகளுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். இன்று சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் கூட ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர்தான். அந்த வகையில் நமக்கும் இந்த ஊரோடு ஒரு பழைய உறவு உண்டு.

லீக்கின் வரலாறும் கொஞ்சம் வித்தியாசமானது. 'நியூ எய்ட்' என்ற பெயரில் பெண்களுக்காகவே தொடங்கியது. 1998ல்தான் ஆண்கள் அணிகளையும் சேர்த்துக்கொண்டு நியூமேக் ஆனது.

சரி, அணிகளுக்கு வருவோம்.

ஸ்மித்தை எடைபோட அந்த இரண்டு இறுதிப் போட்டிகளின் எண்களே போதும். 2024ல் தோற்கவே தெரியாத ஒரு அணியை 40 நிமிடத்தில் 51 புள்ளிகளுக்குள் கட்டிப்போட்டார்கள். அப்படி ஒரு டிஃபென்ஸ் இருந்தும் வெல்ல முடியவில்லை என்றால், குறை மறுபக்கத்தில் இருக்கிறது. 41 புள்ளி எடுத்துத் தேசிய இறுதியை வெல்வது யாருக்குமே கடினம். அடுத்த ஆண்டு ஸ்மித் எடுத்தது 49. எட்டுப் புள்ளி கூடியதே என்று ஆறுதல் கொள்ள முடியாதபடி எதிரணி 77 எடுத்துவிட்டது. பத்தாக இருந்த வித்தியாசம் இருபத்தெட்டாகிவிட்டது. இந்த ஆண்டு ஸ்மித்தின் முதல் சில ஆட்டங்களில் நான் கவனிக்கப்போவது வெற்றியை அல்ல, எதிரணி தடுத்து நிற்கும்போது ஆடும் நிதானமான அரைக்கள ஆட்டத்தில் அவர்கள் எப்படிப் புள்ளி எடுக்கிறார்கள் என்பதைத்தான். பந்தைப் பறித்து ஓடி எடுக்கும் புள்ளிகள் நவம்பரிலும் டிசம்பரிலும் தாராளமாகக் கிடைக்கும். மார்ச் மாதம் பந்தைக் கோட்டைவிடாத எதிரணி வந்து நிற்கும்போது அவை வற்றிவிடும்.

பயிற்சியாளர் லின் ஹெர்சியின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். இளங்கலையில் ஆண்கள் சேர முடியாத, மூவாயிரம் பேர் கூட இல்லாத ஒரு கல்லூரியிலிருந்து அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் இறுதிக்கு அணியைக் கொண்டுபோவது சாதாரண வேலை இல்லை. நியூயார்க் போன்ற பெரிய பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்புகள் ஏராளம். பட்டம் வாங்கிய பிறகும் விளையாடும் தகுதி மிச்சமிருக்கும் வீராங்கனை அங்கேயே மேற்படிப்பில் சேர்ந்து விளையாடலாம், வேறு கல்லூரியிலிருந்தும் வந்து சேரலாம். இளங்கலைக் கல்லூரியான ஸ்மித்துக்கு அந்த வசதி மிகக் குறைவு. ஒவ்வொரு மே மாதமும் போகிறவர்கள் போனவர்கள்தான்.

இந்தச் சீசனில் இது இன்னும் முக்கியம். கோவிட் காலத்தில் 2020-21ல் விளையாடியவர்களுக்கு விளையாட ஒரு கூடுதல் ஆண்டு கொடுக்கப்பட்டது. அப்போது முதலாம் ஆண்டில் இருந்தவர்கள்கூட 2024-25க்குள் அநேகமாக அதைப் பயன்படுத்தி முடித்துவிட்டார்கள். அதனால் பல வருடங்களுக்குப் பிறகு அணிகள் எல்லாம் வழக்கமான நான்கு ஆண்டுக் கணக்குக்குத் திரும்புகின்றன. போன வருடப் புள்ளிப் பட்டியலை அப்படியே இந்த வருடத்துக்கும் நகலெடுத்து முன்கணிப்பு எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுதான்.

இரண்டாம் இடத்துக்கு நான் பாப்சனைச் சொல்வேன். வணிகப் படிப்புக்குப் பேர்போன கல்லூரி, இருப்பது பாஸ்டன் பக்கத்தில் வெல்லஸ்லி ஊரில். ஜூடி பிளின்ஸ்ட்ரப் பல பத்தாண்டுகள் பயிற்சியாளராக இருந்து கட்டிய அணி இது, லீக் பட்டத்தைப் பல முறை தூக்கியிருக்கிறது. பாப்சனிடம் எனக்குப் பிடித்தது அதன் சீரான தன்மை. ஒரு நட்சத்திரத்தை நம்பி எழுந்து, அவர் பட்டம் வாங்கிப் போனதும் விழுந்துவிடும் வழக்கம் அங்கே இல்லை. ஸ்மித்தை ஒரு நாள் மடக்குவதற்கு வேறு அணிகளுக்கும் வாய்ப்பு இருக்கலாம். ஆனால் சின்ன அணிகளிடம் தோற்காமல் பிப்ரவரி வரை தாக்குப்பிடிப்பதில் பாப்சனை நம்பலாம்.

இந்த லீக்கில் இரண்டாம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் வித்தியாசம் பெரிது. கான்ஃபரன்ஸ் போட்டித்தொடரில் மேலே முடித்த அணியின் சொந்த அரங்கில்தான் ஆட்டம் நடக்கும். அதை வெல்பவருக்கு மட்டுமே தேசியத் தொடருக்கு நேரடி அனுமதி. மற்றவர்கள் தேர்வுக்குழுவின் வாசலில் காத்திருக்க வேண்டும். 2024-25லிருந்து அந்தத் தேர்வு என்பிஐ என்ற கணக்கீட்டின்படி நடக்கிறது. வெற்றி தோல்வியோடு எதிரணியின் பலத்தையும் அது எடைபோடும். அதனால் நவம்பரில் சுலபமான எதிரணிகளைத் தேடிப்பிடித்து வெற்றிக் கணக்கை ஏற்றிக்கொள்ளும் பழைய தந்திரம் இனி அவ்வளவாகப் பலிக்காது. லீக்குக்குள் ஸ்மித் மாதிரி ஒரு அணி இருப்பது மற்றவர்களுக்குத் தலைவலிதான் என்றாலும், இந்தக் கணக்கில் ஒரு வகையில் உதவியும்கூட.

ஸ்பிரிங்ஃபீல்டா எம்ஐடியா (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) என்ற இடத்தில்தான் நான் அதிக நேரம் தடுமாறினேன். இரண்டும் நேர் எதிர் உலகங்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் உடற்கல்வி, விளையாட்டுப் பயிற்சி, காயங்களைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவப் பயிற்சி என்று விளையாட்டையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர்கள் நிறைய. பயிற்சியாளர் ஒரு வியூகத்தை ஒரு முறை சொன்னால் ஏன் என்று புரிந்துகொண்டு ஆடுகிற கூட்டம் அது. பிளேக் அரங்கில் எதிரணிக்கு எளிதான மாலை என்று ஒன்று கிடையாது. பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சிக்குப் போக வேண்டிய மாணவிகளுக்குப் பகல் முழுக்க அங்கே போய்விடும் என்பது மட்டும் ஒரு சிரமம்.

எம்ஐடிக்கு இன்னொரு சாதகம் உண்டு, அது ஜனவரி. அந்த மாதம் முழுக்க அங்கே வழக்கமான வகுப்புகள் கிடையாது. டிசம்பர் தேர்வுகளில் நைந்துபோன பெண்கள் ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கி, பயிற்சி செய்து, காணொளி பார்த்து ஆடலாம். லீக் ஆட்டங்கள் சூடு பிடிக்கும் நேரமும் அதுதான். டிசம்பர் எண்களைப் பார்த்து எம்ஐடியைத் தள்ளிவிடக் கூடாது என்று சொல்வது அதனால்தான்.

எம்ஐடி என்றால் சோனியா ராமன் பெயரைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. இந்திய வம்சாவளியில் மாசசூசெட்ஸில் வளர்ந்த இவர், சட்டம் படித்தவர். 2008 முதல் 2020 வரை அங்கே பயிற்சியாளராக இருந்து 152 வெற்றிகள் பெற்றார். 2018, 2019 என்று அடுத்தடுத்து லீக் பட்டம். அதற்கு முன் எம்ஐடி பெண்கள் அதை வென்றதே இல்லை. பிறகு என்பிஏவின் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ், அங்கிருந்து நியூயார்க் லிபர்ட்டி, 2025ல் மகளிருக்கான டபிள்யூஎன்பிஏ லீக்கின் சியாட்டில் ஸ்டார்ம் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். நம் பெண்களைக் கூடைப்பந்துக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர்களிடம் நான் இவர் கதையைத்தான் சொல்வேன். மூன்றாம் பிரிவு ஒரு முட்டுச்சந்து இல்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம்.

இரண்டையும் தட்டிப் பார்த்தால் லீக் சுற்றில் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மூன்றாம் இடம், எம்ஐடிக்கு நான்கு என்று தோன்றுகிறது. ஆனால் பிப்ரவரி கடைசியில் நாக்-அவுட் ஆட்டத்தில் யாரைச் சந்திக்க விரும்பமாட்டேன் என்று ஸ்மித் பயிற்சியாளரின் இடத்தில் இருந்து யோசித்தால், எம்ஐடியைத்தான் சொல்வேன்.

டபிள்யூபிஐ ஐந்தாவது. ஏழு வாரத் தவணைகளாகப் படிப்பை நடத்தும் பொறியியல் கல்லூரி, எப்போதும் ஏதோ ஒரு தேர்வு தலைக்கு மேல் தொங்கும். அதே வூஸ்டர் நகரத்து கிளார்க் பல்கலைக்கழகத்துடன் மோதும் நாளில் மட்டும் பட்டியலைப் பார்க்க வேண்டாம். உள்ளூர்ப் போட்டி அப்படித்தான்.

வெல்லஸ்லி, மவுண்ட் ஹோல்யோக் இரண்டும் ஸ்மித்தைப் போலவே மகளிர் கல்லூரிகள். ஸ்மித் செய்துகாட்டியதை இவர்களாலும் செய்ய முடியும் என்றாலும் அதற்கு இன்னும் சில வருடங்கள் ஆகும். வீட்டனும் எமர்சனும் நடுப்பகுதிக்குக் கீழே என்பது என் கணிப்பு.

கடலோரக் காவல்படை அகாடமியைத் தனியாகப் பார்க்க வேண்டும். அங்கே படிப்பவர்கள் பயிற்சி அதிகாரிகள். பட்டம் வாங்கியதும் குறைந்தது ஐந்து ஆண்டு பணி. மேற்படிப்புக்கு வேறு கல்லூரி போய் விளையாடுவோம் என்ற கணக்கெல்லாம் அவர்களுக்கு இல்லை, நான்கு வருடம்தான் மொத்தமும். அட்டவணையில் மேலே வரமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் நான்காவது கால்பகுதியில் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தும் தரையில் விழுந்து பந்தைப் பிடிப்பவர்கள் இவர்கள்தான். இரண்டாம் இடத்துக்கு ஆசைப்படும் அணி அந்த அகாடமி இருக்கும் நியூ லண்டனுக்குப் போகும் நாளில் பெஞ்சில் இருக்கும் மாற்று வீராங்கனைகளை நம்பி விளையாடினால் அங்கேயே ஒரு தோல்வியை வாங்கிக்கொண்டு திரும்பும்.