டெமோ பாடியில் ஓடிய லென்ஸ்: நிக்கான் 50 எம்எம் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

நிக்கான் டி3000 வரிசை, டி5000 வரிசை கேமரா வைத்துக்கொண்டு அடுத்த லென்ஸ் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டி3400, டி3500, டி5300, டி5600 எல்லாம் இதில் சேர்த்தி. '50 எம்எம் எஃப்/1.8' என்று கேட்டால் கடைக்காரர் எதை எடுத்து நீட்டுகிறார் என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். அந்தப் பெயரில் இரண்டு லென்ஸ் புழக்கத்தில் இருக்கிறது. 2011-இல் வந்த ஏஎஃப்-எஸ் 50 எஃப்/1.8ஜி ஒன்று. இதற்கு ஃபோகஸ் பிடிக்கும் மோட்டார் உள்ளேயே இருக்கும். மற்றது அதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த ஏஎஃப் 50 எஃப்/1.8டி. இதற்குள் மோட்டார் கிடையாது. கேமரா பாடியில், அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவில், இருக்கும் மோட்டார்தான் ஒரு சின்னத் திருகு முனையால் இதைச் சுழற்றி ஃபோகஸ் பிடிக்க வேண்டும். நம் வரிசை பாடிகளில் அந்த மோட்டாரே இல்லை. லென்ஸ் பொருந்தும், படமும் எடுக்கலாம், ஆட்டோஃபோகஸ் மட்டும் வராது.

சென்னையில் ஒரு கடை எனக்கு டி லென்ஸை (பெயரின் கடைசி எழுத்தைத்தான் சொல்கிறேன்) ஏறக்குறைய ஜி லென்ஸின் விலைக்குத் தள்ளிவிட்டது. தெரிந்தேதான் செய்தார்கள். போவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் 'என்னிடம் இருப்பது டி5600, ஆட்டோஃபோகஸ் வர வேண்டும்' என்று எழுதியிருந்தேன். 'வரும் சார், வாங்க' என்று பதில் வந்தது.

உண்மையில் நான் கேட்டது 50 எம்எம் கூட இல்லை, 35 எம்எம். வீட்டில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் படம் எடுப்பதுதான் என் பொழுதுபோக்கு. கொலு, பிறந்தநாள், மழை நாளில் ஹாலில் நடக்கும் கிரிக்கெட், எல்லாமே டியூப்லைட் வெளிச்சம். கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ் அந்த வெளிச்சத்தில் திணறும். 35-க்கு ஜூம் செய்தால் அதன் அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப்/4.5 பக்கம் வந்து நின்றுவிடும். எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது. எஃப்/1.8 என்றால் அதைவிட ஆறு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எஃப்/1.8ஜி என்று ஒரு லென்ஸை நிக்கான் 2009-லேயே இந்தச் சின்ன சென்சார் கேமராக்களுக்காகக் கொண்டுவந்துவிட்டது.

50 ஏன் வேண்டாம் என்றால், நம் வீட்டு ஹாலின் அளவுதான் காரணம். இந்த சென்சாரில் 50 எம்எம் என்பது பெரிய சென்சார் கேமராவில் 75 எம்எம் காட்டுவது போல நெருக்கிக் காட்டும். பத்தடி தள்ளி நின்று பார்த்தாலும் அகலவாக்கில் ஐந்தடிகூட அடங்காது. 35-இல் ஆறரை அடிக்கு மேல் வரும். நாலு பேரை ஒரு படத்தில் உட்கார வைக்க இந்த வித்தியாசம் போதும். ஒரு முகத்தை மட்டும் தனியாக எடுக்க 50 அருமையான லென்ஸ்தான், அதில் சந்தேகமில்லை.

கடைக்குப் போனதும், '35 இப்பதான் சார் போச்சு, 50 எடுத்துக்கங்க, எல்லாரும் இதத்தான் வாங்கறாங்க' என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். இருப்பில் உள்ளதைத் தலையில் கட்டப் பார்ப்பது எந்தக் கடையிலும் நடப்பதுதான். அடுத்து செய்ததுதான் மோசடி. என் கேமராவை எடுத்து மேசையில் வைத்து, இதில் போட்டுக் காட்டுங்கள் என்றேன். 'ஏசி காத்துல சென்சார்ல தூசி உக்காந்துரும் சார், நம்ம டெமோ பாடியிலயே பாருங்க' என்று உள்ளே போய் டி7200-ஐ எடுத்து வந்தார். டி7000 வரிசையில் மோட்டார் உண்டு. சர்ரென்று ஓடியது. 'பாத்தீங்கல்ல, சூப்பரா புடிக்குது. உங்களுதும் இதே நிக்கான்தானே' என்றார்.

பில் கேட்டதற்கு ஒரு எஸ்டிமேட் தாளில் 'நிக்கான் 50 லென்ஸ்' என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். டி, ஜி எதுவும் இல்லை. சீரியல் எண் இல்லை. ஜிஎஸ்டி பில் பிறகு மெயிலில் வரும் என்றார்கள், வரவேயில்லை.

வீட்டுக்கு வந்து மாட்டினால் திரையில் 'எஃப்இஇ' என்று பிழை காட்டி ஷட்டரே விழவில்லை. டி லென்ஸில் அபர்ச்சர் வளையம் ஒன்று வெளியே இருக்கும். அதை 22-இல் வைத்துப் பூட்டினால்தான் இந்த கேமராக்கள் வேலை செய்யும். கையேட்டைப் பார்த்து அதைச் சரிசெய்த பிறகும் ஃபோகஸ் அசையவில்லை. கையால் திருப்பிக்கொண்டு, வ்யூஃபைண்டர் மூலையில் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். ஆறடி தூரத்தில் எஃப்/1.8-இல் தெளிவாக விழும் ஆழம் நாலு அங்குலம்கூடத் தேறாது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் பாட்டி அழகாக வருவார். ஓடுகிற பையனுக்கு மூக்கு ஒரு படத்தில், காது ஒரு படத்தில்.

திரும்பக் கொண்டுபோனேன். அதே ஆள், 'லென்ஸ்ல ஒண்ணும் குறையில்லையே சார், உங்க பாடியிலதான் மோட்டார் இல்ல' என்று எனக்கே பாடம் எடுத்தார். மோட்டார் இல்லாதது அவருக்குத் தெரியும், பாருங்கள். முதலாளி வந்து, 'யூஸ்டு ஆயிடுச்சு, வேணும்னா பாதி விலைக்கு எடுத்துக்கறோம்' என்றார். சுவரில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பலகை வேறு.

அந்தப் பலகையைப் பார்த்து யாரும் பின்வாங்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளின் பயன் பற்றித் தவறான தகவல் சொல்லி விற்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் தராததும் அதே கணக்கில்தான் வரும். குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. இது 'குறையுள்ள பொருள்' இல்லை என்றுதான் கடை வாதாடும். அதனால் என் புகாரில் பொய் சொல்லி விற்றதையும் பில் தராததையும் முன்னால் வைத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே ரசீது, எஸ்டிமேட் தாள், லென்ஸின் சீரியல் எண் தெரியும் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது.

கடைக்குப் போகிறவர்கள் லென்ஸின் உடம்பில் 'ஏஎஃப்-எஸ்' அல்லது 'ஏஎஃப்-பி' என்று இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டுமே மோட்டார் உள்ளே இருக்கும் வகை. வெறும் 'ஏஎஃப்' என்றால் நமக்கு ஆகாது. அபர்ச்சர் வளையம் வெளியே இருந்தாலே கொஞ்சம் உஷாராகிவிடலாம். பழைய டாம்ரான் 17-50 எஃப்/2.8 வாங்குவதாக இருந்தாலும் இதே கதைதான், நிக்கானில் மாட்டும் வகையில் மோட்டார் உள்ளதும் இல்லாததும் இரண்டுமே வந்திருக்கிறது. டி90 மாதிரி பழைய பாடிக்காரர்களுக்குச் சிக்கல் தலைகீழ்: டி லென்ஸ் ஜோராக ஓடும், ஏஎஃப்-பி ஓடாது. கேனான் ஈஎஃப் லென்ஸ்களில் மோட்டார் ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருப்பதால் அவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. டெமோ பாடியில் காட்டுகிறேன் என்றால் மட்டும் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். சென்சார் தூசியை ப்ளோயர் வைத்து ஊதிக்கொள்ளலாம்.

35-ஐ வேறொரு கடையில் என் பாடியிலேயே மாட்டிப் பார்த்து, முறையான பில்லோடு வாங்கிவிட்டேன். அந்த டி லென்ஸை என் மச்சினர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவரிடம் டி7200 இருக்கிறது. புகார் முடியும்வரை அது ஆதாரம் என்று சொல்லி பெட்டியோடு பீரோவில் வைத்திருக்கிறேன்.